இளைத்த கையின் கணக்கு

மனித சரீரத்தின் நடுவே ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தால் இரு பாதியும் அச்சாக ஒத்திருக்கும் என்று நாம் பொதுவாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆயினும் சட்டைக்கு அளவெடுத்துப் பழகிய தையற்காரருக்கும், பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து உருவிவிட்டு நீராட்டும் பாட்டிமாருக்கும், அந்த எண்ணம் முழு உண்மையன்று என்பது கைப்பழக்கத்திலேயே தெரியும். ஒரு தோள் மற்றதைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். ஒரு பாதம் சற்று நீண்டிருக்கும். வலக்கையால் எழுதி, வெட்டி, இறைத்து, சுமந்து வாழ்கின்ற ஒருவனுடைய மார்பிலே வலப்புறத்துத் தசை திரண்டு நிற்க, இடப்புறத்துத் தசை மெலிந்து ஒதுங்கி நிற்பதும் உண்டு. இதைக் கண்ணாடியில் பார்த்து வருந்திய இளைஞர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருப்பார்கள். ஆனால் பாரம் தூக்கும் அப்பியாசத்தினாலேயே இதைத் திருத்திக்கொள்ளலாம் என்னும் கொள்கை எங்கே முளைத்தது, யார் கையில் வளர்ந்தது, இடையில் எப்படி மறக்கப்பட்டு மறுபடியும் நினைவுக்கு வந்தது என்னும் வரலாற்றில் எனக்கு நெடுநாளாக ஒரு பற்று உண்டு. அந்தப் பற்றுக்குக் காரணம் என் சொந்த மார்புதான்.

நான் தச்சுக் குடும்பத்தில் பிறந்தவன். பத்து வயது முதல் தகப்பனாரின் பட்டறையில் இழைப்புளி தள்ளியவன். இடக்கை உளியின் மூக்கை வழிநடத்தும். வலக்கையும் வலத்தோளும் வலமார்புமே அதைத் தள்ளும். பதினேழாம் வயதில், எங்கள் ஊர் ஆற்றங்கரைத் தோப்பில் ஓலைக் கொட்டகை போட்டு நடந்துவந்த தேகப்பயிற்சிசாலையில் நான் போய்ச் சேர்ந்த முதல் நாள், அங்கிருந்த வாத்தியார் என் பனியனைக் கழற்றச் சொல்லி, என்னைக் கொட்டகையின் கீற்று வாசலில் கிழக்கு வெயில் முகத்தில் படும்படி நிறுத்தி, மடியிலிருந்து ஒரு நூலை எடுத்து, மார்பெலும்பின் நடுவில் ஒரு முனையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறு முனையை முதலில் வலது அக்குளின் மடிப்புக்கும் பிறகு இடது அக்குளின் மடிப்புக்கும் கொண்டுபோனார். வலப்புறத்தில் முடிச்சுப் போட்ட இடம் இடப்புறத்தில் அரை விரற்கடை மிஞ்சி நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, என் வலது உள்ளங்கையைத் திருப்பிக் காய்ப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, “இழைப்புளியா, தம்பி?” என்று கேட்டார். ஆமென்றேன். “ஆறு மாசத்துக்கு உனக்குக் கம்பி கிடையாது. கைக்கு ஒரு குண்டு. இடக்கைதான் முதலில் எடுக்கணும். அதுதான் இங்கே கணக்குப்பிள்ளை, அது எழுதுகிற கணக்குக்குமேலே வலக்கை ஒரு தம்பிடி செலவு செய்யக் கூடாது” என்றார்.

அந்த வாக்கியத்தின் பூர்வோத்தரத்தைத் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

பாரத்தை இணையாகப் பிரித்துக் கைக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளும் வழக்கம் மிகப் பழையது. கிரேக்க தேசத்தில் நீளம் தாண்டுகிறவர்கள் கல்லினாலோ ஈயத்தினாலோ செய்த இரண்டு சிறு பாரங்களைக் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு தாண்டினார்கள். ஹால்ட்டரஸ் என்று அவற்றுக்குப் பெயர். தாண்டுவதற்கு ஏற்பட்ட அந்தப் பாரங்களை, தாண்டாமலே நின்ற இடத்தில் வைத்துக்கொண்டு தேகத்தைப் பயிற்றும் முறையும் பின்னால் தோன்றியது. கிறிஸ்து பிறந்தபின் இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன் என்னும் வைத்தியர், பெர்காமம் என்னும் ஊரில் வாட்போர் மல்லர்களுக்குக் காயம் கட்டிப் பிழைப்பைத் தொடங்கியவர், பிற்பாடு ரோமாபுரியில் சக்கரவர்த்திகளுக்கே வைத்தியம் பார்த்தவர், தம்முடைய ஆரோக்கிய நூலில் இப்பாரங்களைக் கொண்டு செய்யும் ஓர் அப்பியாசத்தை விவரிக்கிறார். இரு பாரங்களையும் ஏறத்தாழ ஒரு மார் இடைவெளியில் தரையில் வைத்துவிட்டு நடுவில் நிற்க வேண்டும். குனிந்து, இடப்பக்கத்துப் பாரத்தை வலக்கையாலும், வலப்பக்கத்துப் பாரத்தை இடக்கையாலும் எடுத்து, மறுபடியும் இருந்த இடத்திலேயே வைக்க வேண்டும். கால் பெயரக் கூடாது. ஒவ்வொரு கையும் உடம்பின் குறுக்கே கடந்து போய்த் தன் பங்கைத் தானே தூக்கித் தீர வேண்டும் என்பது இதன் உள்ளமைப்பு. ஒரு கையில் வாளும் மறு கையில் கேடயமுமாக நாள் முழுவதும் பழகிய மனிதர்களின் உடல்களைத் தொட்டுப் பார்த்த ஒரு வைத்தியரின் நூலில் இத்தகைய அப்பியாசம் இடம்பெற்றது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. காலனுடைய இந்தச் செய்திகளையெல்லாம் 1569-இல் மெர்க்கூரியாலே என்னும் இத்தாலிய வைத்தியர் தேகாப்பியாசக் கலையைப் பற்றிய தம் லத்தீன் நூலில் திரட்டித் தந்தார். ஐரோப்பாவில் பலர் அவற்றை மறுபடியும் படித்தது அந்த நூலின் வழியாக.

நம் நாட்டிலோ இந்த அறிவு ஏட்டைக் காட்டிலும் கோதாவின் மண்ணிலேயே அதிகமாக வாழ்ந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசத்தில் மல்லர்களின் பயிற்சிகளைச் சொல்லுமிடத்தில் பாரசிரமம் என்று பாரம் தூக்குவதற்குத் தனிப்பெயரே இருக்கிறது. தண்டால் எடுக்கிறவன் இரண்டு உள்ளங்கைகளையும் நிலத்தில் ஊன்றித் தன் உடம்பையே பாரமாகக் கொள்கிறான். கர்லாக்கட்டை சுற்றுகிறவனோ கைக்கு ஒரு கட்டையாக எடுத்து, வலக்கட்டை முதுகுக்குப் பின்னால் இறங்கும்போது இடக்கட்டை முன்னால் ஏற, ஏற்றச்சாலில் நீர் இறைக்கிறவர்களின் பாட்டைப்போல ஒரு தாளத்தில் சுற்றுகிறான். ஒரு கை தளர்ந்தால் அந்தத் தாளம் உடனே முறிந்து, பார்க்கிறவனுக்கும் சுற்றுகிறவனுக்கும் ஒரே கணத்தில் தெரிந்துவிடும். நெல்லைச் சீமையில் ஊர்ப்பொதுவில் கிடக்கும் இளவட்டக்கல்லின் கதை வேறு. உருண்டையான, பிடி இல்லாத அந்தக் கல்லை முழங்காலுக்கு ஏற்றி, மார்போடு அணைத்து, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்புறம் தள்ளுகிற வாலிபன், தனக்குப் பழகிய தோள் ஒன்றையே எப்போதும் நாடுவான். ஆண்மைக்கு அது சோதனை, உடம்பின் சமநிலைக்கு அது மருந்தாகாது. நம் கர்லாக்கட்டையைப் பார்த்த ஆங்கிலப் பட்டாளத்தார் அதைத் தங்கள் தேசத்துக்குக் கொண்டுபோனார்கள். 1834-இல் டொனால்ட் வாக்கர் என்பவர் லண்டனில் வெளியிட்ட தேகப்பயிற்சிப் புத்தகத்தில் அது படங்களோடு இடம்பெற்றது. ‘இந்தியன் கிளப்’ என்ற பெயரில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆணும் பெண்ணும் அதைச் சுற்றினார்கள்.

தொழில் உடம்பைக் கோணலாக்கும் என்பதை ஐரோப்பிய வைத்தியர்கள் வெளிப்படையாக எழுதத் தொடங்கியது 1700-இல் இத்தாலியில் ராமஸ்ஸினி வெளியிட்ட, தொழிலாளரின் வியாதிகளைப் பற்றிய நூலிலிருந்து என்று சொல்லலாம். ஆனால் நூல்களைவிட எலும்புகள் அழுத்தமாகப் பேசுகின்றன. 1545-இல் மூழ்கிப்போன மேரி ரோஸ் என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலை 1982-இல் கடலிலிருந்து எடுத்தபோது அதில் கிடைத்த எலும்புக்கூடுகளில், தோள்பட்டை எலும்பின் நுனி வயது வந்தபின்னும் ஒட்டாமல் தனித்து நின்ற உடல்கள் வழக்கத்துக்கு மிஞ்சிக் காணப்பட்டன. சிறு வயது முதல் கனத்த வில்லை நாணேற்றி இழுத்த வில்லாளிகளின் தோள்கள் அவை என்று ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். ஒரு தொழிலைப் பிள்ளைப் பருவத்திலேயே உடம்பின்மேல் ஏற்றினால் அது தசையோடு நில்லாமல் எலும்பிலும் தன் கையெழுத்தை இட்டுவிடும் என்பதை நினைக்கையில், என் தகப்பனாரின் வலத்தோள் கண்முன் வருகிறது. பாரிஸ் வைத்தியரான நிகோலா ஆந்த்ரி 1741-இல், பிள்ளைகளின் அங்கக் கோணல்களைத் தடுப்பதும் திருத்துவதும் எப்படி என்று ஒரு நூல் எழுதி, வளைந்த இளமரத்தைக் கயிற்றால் ஒரு முளையோடு சேர்த்துக் கட்டியிருக்கும் படம் ஒன்றை அதில் சேர்த்தார். எலும்பு வைத்தியர்கள் அந்தப் படத்தை இன்றும் தங்கள் சின்னமாகக் கொண்டிருக்கிறார்கள்.

கைக்கு ஒன்றாகப் பிடிக்கும் குண்டுக்கு டம்பெல் என்னும் பெயர் எழுந்த விதமும் சுவையானது. ஆங்கில நாட்டுக் கோயில்களில் பெரிய மணிகளைக் கயிறு பிடித்து அடிப்பது கடுமையான தேகாப்பியாசம். அதே அசைவை வீட்டுக்குள் செய்வதற்காக, மணியில்லாமல் கயிறும் பாரமும் மட்டும் உள்ள ஒரு சாதனத்தை அமைத்துக்கொண்டு அதை ‘ஊமை மணி’ என்றார்கள். 1711-இல் ஜோஸப் அடிஸன் தம் ஸ்பெக்டேட்டர் பத்திரிகையில், அறையின் மூலையில் அத்தகைய ஊமை மணி ஒன்றை வைத்துக்கொண்டு நாள்தோறும் காலையில் ஒரு மணி நேரம் பயிற்சி செய்வதாகவும், அந்த வேளையில் வீட்டுக்காரர் எவரும் தொந்தரவு செய்ய வருவதில்லை என்றும் எழுதுகிறார். அதே கட்டுரையில், இரு நுனிகளிலும் ஈயம் பதித்த இரண்டு குட்டைக் கோல்களைக் கைக்கு ஒன்றாக வீசி நிழலோடு போரிடும் பயிற்சியையும் சொல்லி, அது மார்பை விரிக்கிறது என்கிறார். மணியின் பெயர் நாளடைவில் கைப்பாரத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கலையைச் சாஸ்திரமாக்க முயன்றவர் பலர். 1813-இல் ஸ்டாக்ஹோம் நகரில் லிங் என்பவர் நிறுவிய கல்லூரியும், அதே நகரில் 1865-இல் ஸாண்டர் என்னும் வைத்தியர் நெம்புகோலும் நகர்த்தும் பாரமும் கொண்ட யந்திரங்களால் அமைத்த நிலையமும், ஆக்ஸ்போர்டில் மக்லாரன் என்பவர் நடத்திய பயிற்சிசாலையும் விரிவாகப் பேசத்தக்கவை; எனினும் எனக்கு இவர்களைவிட நெருக்கமானவர் அமெரிக்கரான டட்லி ஆலன் ஸார்ஜென்ட்.

1849-இல் மெயின் மாகாணத்தில் பிறந்த ஸார்ஜென்ட் இளமையில் சர்க்கஸில் வித்தை செய்தவர்; பிறகு யேல் சர்வகலாசாலையில் வைத்தியம் படித்துப் பட்டம் பெற்றவர். ஊஞ்சற்கம்பியில் தொங்கியவரும் உடற்கூறு படித்தவரும் ஒரே மனிதராக இருந்தது இக்கலை செய்த பாக்கியம். 1879-இல் ஹார்வர்டில் ஹெமன்வே பயிற்சிசாலையின் பொறுப்பை ஏற்ற அவர், உள்ளே வருகிற ஒவ்வொரு மாணவனையும் முதலில் அளந்தார். உயரம், எடை, மார்பின் சுற்றளவு, மூச்சு நிரம்பியபோது அது எவ்வளவு, வெளியேறியபோது எவ்வளவு, வலப்புயம் எவ்வளவு, இடப்புயம் எவ்வளவு, வலமுன்கை எவ்வளவு, இடமுன்கை எவ்வளவு என்று தனித்தனியே குறித்து, அவற்றை ஒரு கட்டம்போட்ட தாளில் புள்ளியிட்டுக் கோட்டால் இணைத்துக் காட்டினார். எல்லா அங்கங்களும் ஒத்து வளர்ந்தவனுக்கு அந்தக் கோடு நேராக ஓடும். ஒரு புறம் பெருத்து ஒரு புறம் இளைத்தவனுக்கு அது மேடும் பள்ளமுமாக ஓடும். கோடு எங்கே பள்ளத்தில் இறங்குகிறதோ அந்த அங்கத்துக்கென்று தனிப் பயிற்சியை அட்டையில் எழுதிக் கொடுத்தார். அதற்குத் தேவையான கப்பிகளையும், கயிறுகளையும், ஏற்றவும் குறைக்கவும் கூடிய பாரங்களையும், மார்பை விரிக்கும் சாதனங்களையும் தாமே வடிவமைத்தார். பலவானுக்கும் நோஞ்சானுக்கும் ஒரே குண்டைக் கொடுத்துவந்த காலத்தில், அவரவர் பலவீனத்துக்கு ஏற்ப அவரவர் பாரம் என்று அவர் கொண்டுவந்த நியாயம் எனக்கு மிகவும் பெரிதாகப் படுகிறது. ஆயிரக்கணக்கான மாணவர்களின் அளவுகளைச் சராசரி பார்த்துச் சமைத்த ஆண் உருவம் ஒன்றும் பெண் உருவம் ஒன்றும் 1893-இல் சிகாகோ நகரத்து உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டன.

இதே காலத்தில் நாடக மேடைகளில் வேறொரு மரபு வளர்ந்துகொண்டிருந்தது. ஜனங்கள் காசு கொடுத்துப் பார்க்க விரும்பியது சமநிலையை அன்று. ஒரு மனிதன் ஒரே கையால் எவ்வளவு பாரத்தைத் தலைக்குமேல் உயர்த்துகிறான் என்பதை. ஆர்தர் ஸாக்ஸன் போன்ற பலசாலிகள் 300 பவுண்டுக்கு மேற்பட்ட கம்பியை வலத்தோளருகே நிறுத்தி, உடம்பை இடப்புறமாகச் சாய்த்துச் சாய்த்து அதன் அடியில் நுழைந்து, கை நிமிர்ந்ததும் தாமும் நிமிர்ந்தார்கள். அற்புதமான செயல்தான், நாள்தோறும் செய்தால் உடம்பின் ஒரு பாதி தூக்குகிற பாதியாகவும் மறு பாதி தாங்குகிற பாதியாகவும் பிரிந்துபோகும் செயலும் அதுவே. 1896-இல் ஆதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக் பந்தயத்திலும் ஒரு கையால் தூக்குவது தனிப் போட்டியாக இருந்தது. இரு கைப் போட்டியில் டென்மார்க்கின் விக்கோ யென்ஸனும், இங்கிலாந்துக்காகப் போட்டியிட்ட லான்ஸ்டன் எலியட்டும் ஒரே அளவாக 111.5 கிலோ தூக்கினார்கள். எலியட் தூக்கும்போது ஒரு காலைப் பெயர்த்ததால், தூக்கிய அழகில் யென்ஸனே மேல் என்று அவருக்கு முதலிடம் கொடுக்கப்பட்டது. ஆனால் அந்தப் போட்டியில் இன்னும் அதிகம் தூக்க முயன்று யென்ஸன் தோளைக் காயப்படுத்திக்கொண்டிருந்தார்; அடுத்து வந்த ஒரு கைப் போட்டியில் எலியட் 71 கிலோ தூக்க, யென்ஸனால் 57 கிலோவுக்குமேல் இயலவில்லை. 1920-இலும் 1924-இலும் ஒலிம்பிக் விதியை வகுத்தவர்கள், ஒரு கையால் தூக்கும் இரண்டு வகைகளில் முதல் வகையை எந்தக் கையால் செய்தாரோ மற்ற வகையை அதற்கு எதிர்க் கையாலேயே செய்ய வேண்டும் என்று ஏற்படுத்தினார்கள். இளைத்த கைக்கும் மேடை உண்டு என்று விதியே சொன்ன அந்தச் சில ஆண்டுகள் எனக்கு மிகவும் பிரியமானவை. 1928 முதல் ஒரு கை வகைகள் அறவே எடுக்கப்பட்டு, இரு கைகளால் கம்பியைத் தூக்குவது மட்டுமே நின்றது.

மேடைக்காரராக இருந்தும் அந்த மரபோடு நின்றுவிடாதவர் யூஜன் ஸாண்டோ. 1867-இல் அன்றைய ஜெர்மானிய நாட்டு கோனிக்ஸ்பெர்க்கில் பிறந்து, 1889-இல் லண்டனில் ஸாம்ஸன் என்ற பலசாலியை வென்று புகழ்பெற்ற அவர், 1901 செப்டம்பர் 14-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் ஓர் அங்க லட்சணப் போட்டியை நடத்தினார். கதாசிரியர் ஆர்தர் கோனன் டாயிலும், சிற்பி சார்லஸ் லாவ்ஸும் அவரோடு நடுவர்களாக இருந்தார்கள். தசையின் பருமனுக்கு மட்டும் பரிசில்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு, பொது வளர்ச்சி, அந்த வளர்ச்சியின் சமநிலை, தசையின் பக்குவம், ஆரோக்கியம், சருமத்தின் நிலை ஆகியவற்றையே பார்த்தார்கள். நாட்டிங்ஹாம் ஊரைச் சேர்ந்த வில்லியம் மர்ரே பொன் உருவத்தைப் பரிசாகப் பெற்றார். ஒரு சிற்பியை நடுவராக உட்காரவைத்த யோசனை யாருடையதாயினும் அது உயர்ந்த யோசனை. கல்லில் ஒரு மார்பை வடிக்கிறவனுக்கு, ஒரு புறத்தைக் குறைத்து மறு புறத்தை நிறைக்க மனம் வராது.

இதற்கிடையே இரும்புக் கம்பி எல்லாரிடமும் வந்து சேர்ந்தது. 1902-இல் பிலடெல்பியாவில் ஆலன் கால்வர்ட் தொடங்கிய மைலோ கம்பெனி, பாரத்தை ஏற்றவும் இறக்கவும் கூடிய பார்பெல்லை வீடுகளுக்கு அனுப்பிற்று. தரையில் மல்லாந்து படுத்துக் கம்பியை மேலே தள்ளும் வழக்கத்தில் ஜார்ஜ் ஹாக்கன்ஷ்மிட் என்ற மல்லர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே சுமார் 164 கிலோவைத் தள்ளியிருந்தார். அந்தத் தரை பின்னால் பெஞ்சாக உயர்ந்து, கம்பியைத் தாங்கும் இரு கால்களும் அதற்கு முளைத்து, மார்பை வளர்ப்பதற்கு பெஞ்ச் பிரஸ்ஸே ராஜபாட்டை என்று உலகம் நம்பத் தொடங்கிற்று. அந்த நம்பிக்கையில் உண்மையும் இருக்கிறது, ஒரு மறைவான குழியும் இருக்கிறது. மார்பின் பெருந்தசை காறையெலும்பிலும் நடுமார்பெலும்பிலும் விலாக்குருத்துகளிலும் வேர்விட்டு, விசிறியைப்போல விரிந்து, பிறகு ஒன்றாகக் குவிந்து புயவெலும்பின் மேற்பகுதியைப் பற்றிக்கொள்கிறது. விரித்த கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவருவது அதன் பிரதான தொழில். இரு கைகளும் ஒரே கம்பியைப் பிடித்திருக்கும்போது பலமுள்ள கை கொஞ்சம் முந்திக்கொண்டு தன் பங்குக்குமேல் ஏற்றுக்கொள்ளும்; உடம்பும் அந்தப் பக்கமாகக் கண்ணுக்குத் தெரியாமல் திருகிக்கொள்ளும்; கம்பி ஏறுகிறது, எண்ணிக்கை கூடுகிறது, செய்கிறவன் மகிழ்கிறான். இளைத்த பக்கம் மட்டும் பின்தங்கியே போகிறது. குடும்பத்தில் மூத்தவனே எல்லாச் சுமையையும் தூக்கிவிட்டால் இளையவன் எப்போது தூக்கக் கற்றுக்கொள்வான்? கைக்கு ஒரு டம்பெல் என்று பிரித்துவிட்டால் இந்தக் கடன் வாங்கல் நின்றுபோகிறது.

பாரத்தால் இளைத்த அங்கத்தைத் தேற்றலாம் என்பதை வைத்திய உலகம் மனமார ஒப்புக்கொண்டது இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதியில்தான். காயம்பட்ட சிப்பாய்களால் நிரம்பி வழிந்த சிகாகோவின் கார்டினர் ராணுவ ஆஸ்பத்திரியில் தாமஸ் டிலார்ம் என்ற இளம் வைத்தியர், இலேசான அசைவை நூற்றுக்கணக்கான தடவை செய்விக்கும் பழைய சிகிச்சையை விட்டு, கனமான பாரத்தைச் சில தடவைகளே தூக்கச் செய்து, வாரந்தோறும் அதை ஏற்றிக்கொண்டு போனார். சிறு வயதில் கீல்வாத ஜுரத்தால் படுக்கையில் கிடந்து, பிறகு எடை தூக்கியே உடம்பைத் தேற்றிக்கொண்டவர் அவர். தம் உடம்பில் கண்டதைச் சிப்பாய்களின் முழங்கால்களில் சோதித்து 1945-இல் எழுதினார். பத்துத் தடவை மட்டும் தூக்கவல்ல பாரம் எதுவோ அதை அளவாகக் கொண்டு, அதில் பாதி, முக்கால், முழுமை என மூன்று சுற்று என்பது அவரும் வாட்கின்ஸ் என்பவரும் 1948-இல் வகுத்த கிரமம். ஒரு கையைப் பயிற்றினால் சும்மா இருந்த மறு கையும் ஓரளவு பலம் பெறுகிறது என்று 1894-இலேயே யேல் சர்வகலாசாலையில் ஸ்க்ரிப்ச்சர் என்பவரும் அவரோடு ஆராய்ந்தவர்களும் கண்டிருந்தார்கள். பலம் என்பது தசையில் மட்டுமன்றி அதை ஏவுகிற நரம்பிலும் இருக்கிறது என்பதற்கு அது சான்று. இளைத்த கையை முதலில் தூக்கச் சொல்வதற்கும் இதுவே நியாயம் என்று நான் கருதுகிறேன்: களைப்பு தட்டாத மனமும் களைப்பு தட்டாத நரம்பும் முதலில் அதற்குக் கிடைக்கட்டும்.

மறுபடியும் நம் நாட்டுப் பக்கம் திரும்பினால், 1904-05-இல் ஸாண்டோ இந்தியாவைச் சுற்றி வந்தார். அவருடைய பெயர் நம் தமிழில் தங்கிவிட்டது. கையில்லாத பனியனை ஸாண்டோ பனியன் என்று கேட்டு வாங்குகிறோம். கோயமுத்தூரில் தேகப்பயிற்சியால் பெயர்பெற்று, பிறகு படமெடுத்துப் புகழ்பெற்ற சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் பட்டமாக நின்றதும் அதுவே. சென்னையில் 1920-இல் ஹாரி க்ரோ பக் என்பவர் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. தேகப்பயிற்சிக் கல்லூரி ஆசிரியர்களைத் தயாரித்து அனுப்பியது. பங்களூரில் கே.வி. அய்யர் சூரிய நமஸ்காரத்தையும் பார்பெல்லையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்து, 1930-இல் தசைப்பயிற்சியைப் பற்றி நூலும் எழுதினார். அவருடைய புகைப்படங்களைப் பார்க்கும்போது, மார்பின் இரு பாதிகளும் ஒரே வார்ப்பில் வார்த்தவை போலிருப்பதில் என் கண் நின்றுவிடுகிறது. ஐந்தடி உயரமும் இல்லாத வங்காளத்து மனோஹர் ஐச், சிறையில் இருந்த நாட்களிலேயே பயிற்சியைத் தீவிரமாக்கி, 1952-இல் தம் பிரிவில் உலக அழகனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நூறு வயதைக் கடந்தும் வாழ்ந்து 2016-இல் அவர் மறைந்தார்.

எல்லாக் குறையும் பாரத்தால் தீருவதன்று. 1841-இல் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் மாணவராக இருந்த ஆல்பிரட் போலண்ட், ஒரு கைதியின் சடலத்தை அறுத்துப் பார்க்கையில், மார்புப் பெருந்தசையின் காறையெலும்புப் பகுதி மட்டும் இருந்து, நடுமார்பெலும்பிலிருந்தும் விலாவிலிருந்தும் எழ வேண்டிய பெரும் பகுதி பிறவியிலேயே இல்லாதிருப்பதைக் கண்டு எழுதினார். உயிரோடிருந்த நாளில் அந்த மனிதனால் அக்கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவர இயலாமலிருந்ததாம். 1962-இல் இக்குறைக்கு அவர் பெயரையே இட்டார்கள். இல்லாத தசையை எந்த இரும்பும் வளர்க்காது.

எங்கள் வாத்தியார் போலண்டின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். என்னை அவர் பயிற்றிய முறை இதுதான்: மாம்பலகையில் நானே இழைத்து, நாலு கால் அடித்துக் கொண்டுவந்த குறுகிய பெஞ்சில் மல்லாந்து படுக்க வேண்டும்; கைக்கு எட்டு ராத்தல் குண்டு; முழங்கையைச் சற்றே மடித்தபடி கைகளைப் பக்கவாட்டில் விரித்து, தோளின் முன்புறம் இழுபடுவது தெரியும்வரை மெல்ல இறக்கி, ஒரு பெரிய மரத்தைக் கட்டித் தழுவுவதுபோல மேலே கொண்டுவர வேண்டும்; பிறகு ஒற்றைக் கையால் தள்ளுவது, இடக்கை முதலில். முதல் நாள் இடக்கை ஏழோடு நின்றது. வலக்கை பதினைந்துக்குத் துடித்துக்கொண்டிருந்தபோது ஏழாவதில் அவர் குண்டைப் பிடுங்கிக்கொண்டார். வாரம் மூன்று நாள்தான். மற்ற நாட்களில் தண்டாலும் கர்லாக்கட்டையும். பட்டறையிலும் இழைப்புளியைக் கை மாற்றிப் பிடித்துத் தள்ளிப் பழகும்படி சொன்னார். பலகை பள்ளம் விழுந்து தகப்பனாரிடம் ஏச்சு வாங்கியது தனிக் கதை. ஐந்தாம் மாதம் இடக்கை பன்னிரண்டு எடுத்தது. ஓராண்டுக்குப் பிறகு நூலைப் பிடித்தபோது முடிச்சு இடப்புறத்தில் ஒரு நெல்லளவே மிஞ்சிற்று. அந்த நெல்லளவு இன்றும் இருக்கிறது.

அதே ஆண்டு ஐப்பசி மழையில் ஒரு பையன் வந்தான். பதினைந்து வயது இருக்கும். சட்டையைக் கழற்ற மறுத்து நெடுநேரம் நின்றான். கழற்றியபோது இடமார்பு தட்டையாக, அக்குளின் முன்மடிப்பே இல்லாமல், விலா வரிவரியாகத் தெரிந்தது. வாத்தியார் நூலை எடுக்கவில்லை. தம் உள்ளங்கையை அவன் உள்ளங்கைக்கு எதிரே வைத்து, குறுக்கே தள்ளச் சொல்லி, மறு கையின் இரண்டு விரல்களால் காறையெலும்புக்குக் கீழே தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அங்கே எதுவும் எழும்பவில்லை. அவனோடு தாமே ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிப் போய், பிறவிக் குறை, இதனால் உயிருக்கு மோசமில்லை என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு திரும்பினார். மறுநாள் காலை நாங்கள் போனபோது என் பெஞ்சில் அந்தப் பையன் படுத்திருந்தான். இடக்கையில் மூன்று ராத்தல் குண்டு ஒன்று இருந்தது. தோளும் புயமும் முதுகும் அதைத் தூக்கிக்கொண்டிருந்தன. தலைமாட்டில் உட்கார்ந்து வாத்தியார், இடக்கையின் கணக்கை உரக்க எண்ணிக்கொண்டிருந்தார்.